ஆக்கியோன் பெயர்: களைநாசினியும் நிணநீர்ப் புற்றுநோயும் பற்றிய சில எழுத்துக்கள் குறித்து ஒரு விமர்சன நோக்கு

நூலொன்றின் சிறப்புப் பாயிரத்தில் எவையெவை கூறப்படவேண்டும் என வகுத்த பவணந்தியார், ஆக்கியோன் பெயரையே முதலில் வைத்தார். நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அதன் பின்னரே வருகின்றன. காலம், களம், காரணம் என்னும் மூன்றையுஞ் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர். தமிழ்ச் சிறப்புப் பாடம் பயிலும் மாணவர் இவ்வொழுங்கைப் பரீட்சைக்காக மனனஞ் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவது வழக்கம். ஆயினும், 'இதனைச் செய்தவன் யார், எவர் கேட்கச் செய்தான், எக்காரணத்தாற் செய்தான்' என்னும் வினாக்கள் செய்யுள் நூல்களோடு முடிந்துவிடுவன அல்ல. விஞ்ஞான ஆய்வுக் கட்டுரையும் ஒரு நூலே. அதற்கும் ஆசிரியன் உண்டு, கேட்போர் உண்டு, காரணமும் உண்டு.

விஞ்ஞான எழுத்தை விமர்சனம் தீண்டுவதில்லை. 'அது விஞ்ஞானிகளின் துறை' என்ற பணிவு இதற்கு ஒரு காரணமாகலாம். அப்பணிவு ஓரளவு நியாயமானதே. எலியின் சிறுநீரகத்திலே தோன்றிய கட்டி எத்தகையது என்பதைக் கலைப்பீட மாணவன் தீர்மானிக்க முடியாது. ஆனால் ஒரு பிரதியில் எது மூலம், எது இடைச்செருகல், எவர் வாக்கு எவர் பெயரில் வழங்குகிறது என்பன தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கையாண்டு வந்த வினாக்கள். களைநாசினிகளுக்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் இடையே தொடர்புண்டா என்ற விவாதத்திலே, அரை நூற்றாண்டாகத் தீர்ப்பைப் பெரிதும் பாதித்துவந்தவை இவ்வினாக்களே என்பது அவ்விவாதத்தின் முக்கிய எழுத்துக்களை நோக்குமிடத்துப் புலனாகும்.

பொருளைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். உடலின் பாதுகாப்புக்குரிய வெண்குழியங்களுள் ஒருவகையான நிணநீர்க்குழியங்கள் கட்டுக்கடங்காது பெருகும்போது தோன்றுவது நிணநீர்ப் புற்றுநோய். அதில் ஹொட்ச்கின் வகை ஒன்று. அதுவல்லாத பலவகைகளும் சேர்ந்து 'ஹொட்ச்கின் அல்லாத நிணநீர்ப் புற்றுநோய்' என ஒரே பெயரில் வழங்கப்படுகின்றன. களைநாசினிகளுள் இவ்விவாதத்துக்கு இலக்கானவை இரண்டு கூட்டத்தன. முந்தியது பீனொக்சி அமிலங்கள். 2,4-டி, 2,4,5-ரி என்பன இவற்றைச் சார்ந்தவை. இவ்விரண்டையும் சரிபாதியாகக் கலந்தே வியட்நாம் காடுகளின் மீது அமெரிக்க விமானங்கள் தெளித்த 'ஏஜன்ட் ஒரேஞ்ச்' தயாரிக்கப்பட்டது. பிந்தியது கிளைபொசேற். அதன் களைகொல்லும் இயல்பை மொன்சான்டோ நிறுவனத்தின் இரசாயனவியலாளர் ஜோன் பிரான்ஸ் 1970 இற் கண்டறிந்தார். 1974 இலே 'றவுண்டப்' என்னும் பெயரில் அது சந்தைக்கு வந்தது. சில அமினோவமிலங்களை ஆக்குதற்குத் தாவரங்களுக்கு இன்றியமையாத நொதியம் ஒன்றை அது முடக்குகிறது. விலங்குகளிடத்து அந்நொதியம் இல்லை. ஆதலால் மனிதருக்குத் தீங்கில்லை என்பது நிறுவனத்தின் முதல் வாதம்; கேட்பதற்கு எளிதானது, ஞாபகத்திலே நிற்பது. ஒரு பொருள் ஓர் இலக்கைத் தாக்குவதனால் வேறெதனையுந் தாக்காது என்பது அதனாற் பெறப்படுவதில்லை என்பது மட்டுமே அதிலுள்ள குறை.

இனி, முதன்மையாக நோக்கவேண்டிய பிரதி 2000 ஆம் ஆண்டில் 'றெகுலேற்றறி ரொக்சிக்கொலொஜி அன்ட் பார்மக்கொலொஜி' என்ற சஞ்சிகையில் வெளிவந்தது. கறி வில்லியம்ஸ், றொபேட் குறூஸ், இயன் மன்றோ ஆகிய மூவர் பெயரில் அது அமைந்தது. றவுண்டப், கிளைபொசேற் ஆகியவற்றின் பாதுகாப்புப் பற்றிய சான்றுகள் அனைத்தையும் தொகுத்து நோக்கும் மதிப்பீடு என அது தன்னை அறிமுகஞ் செய்துகொண்டது. அதன் நடையே கவனத்திற்குரியது. எங்குஞ் சீற்றமில்லை, எதிர்வாதிமீது ஏளனமில்லை, வினைச்சொற்கள் யாவும் செயப்பாட்டில் நிற்கின்றன. மதிப்பிடப்பட்டது, ஆராயப்பட்டது, முடிவுசெய்யப்பட்டது எனச் செல்லும் அவ்வாக்கியங்களிலே எழுவாயைத் தேடுபவன் ஏமாற்றமடைவான். மனிதருக்குப் புற்றுநோய் அபாயம் இல்லை என்ற முடிவுக்கு அது வந்து சேர்கிறது. புற்றுநோய் பற்றிய பகுதிக்கு அது ஆதாரமாகக் கொண்டவை மொன்சான்டோ தானே செய்வித்த, அச்சேறாத ஆய்வுகள் என்பதும் வாசகர் மனங்கொள்ளத்தக்கது. மூலச்சுவடி ஒருவர் வீட்டுப் பெட்டகத்திலே பூட்டிக்கிடக்க, அதன் பொழிப்பை மட்டும் ஊருக்கு வழங்கியதை ஒக்கும் இது.

2017 இலே, ஐக்கிய அமெரிக்காவின் நீதிமன்றமொன்றிலே நோயாளர் தொடுத்த வழக்குகளின்போது நிறுவனத்தின் உள்ளகக் கடிதங்கள் பகிரங்கமாயின. அவற்றுள் ஒன்று 2015 இல் எழுதப்பட்டது. புதிய மதிப்பீடொன்றை நிறுவனமே எழுதலாம், வெளியிலுள்ள விஞ்ஞானிகள் திருத்திக் கையொப்பமிட்டாற் போதும், வில்லியம்ஸ் முதலியோரின் 2000 ஆம் ஆண்டுக் கட்டுரையும் அவ்வாறே கையாளப்பட்டது என்ற கருத்தை நிறுவனத்தின் விஞ்ஞானி ஒருவர் அதில் நினைவூட்டுகிறார். நிறுவனம் இதனை மறுத்தது. தன் ஊழியரின் உதவி கட்டுரையின் நன்றியுரையிலே சொல்லப்பட்டிருக்கிறது என வாதிட்டது. நன்றியுரை இருந்தது உண்மையே. ஆனால் நன்றியுரையில் நிற்கவேண்டியவர் எவர், தலைப்பின் கீழ் நிற்கவேண்டியவர் எவர் என்பதே வினா. ஏடு தேடித் தந்தவருக்கும் பாட்டெழுதியவருக்கும் உள்ள வேறுபாடு அது. 2025 ஆம் ஆண்டின் இறுதியிலே அச்சஞ்சிகை இக்கட்டுரையை மீளப்பெற்றது. ஆசிரியத்துவம் பற்றிய ஐயமும், அச்சேறாத நிறுவன ஆய்வுகளை மட்டும் நம்பியமையும் அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டன. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் அது எண்ணற்ற கட்டுரைகளிலும் அரசாங்க அறிக்கைகளிலும் மேற்கோளாகிவிட்டது. மேற்கோள் மேற்கோளைப் பெறும். மூலம் அழிந்தபின்னும் உரைகள் வாழும். இது தமிழ் மாணவர் அறியாத செய்தியன்று.

இத்தகைய நிகழ்ச்சி இதுவே முதன்முறையுமன்று. சுவீடனின் உமியோ நகரிலே புற்றுநோய் மருத்துவராகவிருந்த லெனார்ட் ஹார்டெல், தம்மிடம் வந்த நோயாளர் சிலர் காடுகளிலே பீனொக்சி அமிலங்களைத் தெளித்த தொழிலாளர் என்பதை 1970 களின் பிற்பகுதியில் அவதானித்தார். வேட்டையிலும் வயலிலும் காலங்கழித்த மனிதர்கள். அவர்களிடம் 'என்ன தொழில் செய்தீர்' எனக் கேட்ட ஒரு வைத்தியர். ஆய்வின் தோற்றுவாய் இவ்வளவே. 1979 இலே மென்னிழையப் புற்றுநோய் பற்றியும், 1981 இலே நிணநீர்ப் புற்றுநோய் பற்றியும் அவரும் அவரது கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வுகள், இவ்விரசாயனங்களைக் கையாண்டோரிடத்து நோய் பன்மடங்கு கூடுதலாகக் காணப்படுவதாகக் கூறின.

அவ்வாய்வுகள் அவுஸ்திரேலியாவிலே விசாரணைக்கு வந்தன. வியட்நாமிலிருந்து திரும்பிய அவுஸ்திரேலியப் படையினரின் முறைப்பாடுகளை ஆராய 1983 இல் நீதிபதி எவற் தலைமையில் அரச ஆணைக்குழுவொன்று நியமிக்கப்பட்டது. 1985 இல் அது வெளியிட்ட அறிக்கை, ஏஜன்ட் ஒரேஞ்ச் குற்றமற்றது எனக் கூறியது. ஹார்டெலையும் அவரது சகபாடி அக்சல்சனையும் கடுமையாகக் கண்டித்தது. பின்னர் அறிக்கையை ஒப்புநோக்கியோர், அவ்விருவரையும் கண்டிக்கும் நீண்ட பகுதிகள் மொன்சான்டோவின் அவுஸ்திரேலியக் கிளை ஆணைக்குழுவுக்குச் சமர்ப்பித்த ஆவணத்திலிருந்து ஏறத்தாழ வரிக்குவரி எடுக்கப்பட்டமையைக் காட்டினர். வாதியின் அல்லது பிரதிவாதியின் வாதத்தை நீதிபதி ஏற்றுக்கொள்ளலாம், அதில் இழுக்கில்லை. அதனைத் தன் குரலிலே, மேற்கோட்குறியின்றி உரைக்கும்போது மட்டுமே அது வேறொன்றாகிறது. கேட்போன் நீதியின் குரலைக் கேட்பதாக நம்புகிறான். அவன் கேட்பது வழக்காளி ஒருவனது குரல்.

அதே ஆண்டின் இறுதியில் சேர் றிச்சேர்ட் டோல் அந்நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். புகைத்தலுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950 இல் நிலைநாட்டியோருள் ஒருவர் அவர். துறையிலே அவர் வாக்குக்கு இருந்த மதிப்பு மிகப் பெரிது. ஹார்டெலின் முடிவுகள் ஏற்கத்தக்கனவல்ல என அக்கடிதம் கூறியது. அவர் இறந்தபின், 2006 இலே, 1980 களில் அவர் மொன்சான்டோவிடம் ஆலோசகராகப் பணம் பெற்றுவந்தமை வெளியாயிற்று. நாளொன்றுக்கு 1500 டொலர் என 1986 ஆம் ஆண்டுக் கடிதமொன்று குறிக்கிறது. அப்பணத்தை அவர் தாம் தாபித்த ஒக்ஸ்போட் கல்லூரிக்கே வழங்கினார் என அவர்தம் நண்பர்கள் கூறினர். அது உண்மையாயினும் விமர்சகனின் வினாவுக்கு விடையாகாது. பணம் எங்கே போயிற்று என்பதன்று. கடிதத்தை வாசித்தவர் அத்தொடர்பை அறிந்திருந்தாரா என்பதே வினா. டோலின் வாதம் அதனாற் பிழையாகிவிடாது என்பதையும் இங்கு சேர்த்துச் சொல்லவேண்டும். ஹார்டெலின் முறையிலே பலவீனங்கள் இருந்தன.

அப்பலவீனங்களுட் பெரிதாகப் பேசப்படுவது ஞாபகம் பற்றியது. நோயாளரையும் நோயற்றோரையும் தெரிந்து, 'முன்னர் எதனைத் தெளித்தீர்' என இருசாராரையும் வினவி ஒப்பிடுவது இம்முறை. நோயுற்றவன் தன் நோய்க்குக் காரணந் தேடுவான். ஆகவே நலமாயிருப்பவனிலும் பார்க்கக் கூடுதலாக நினைவுகூர்வான். இது வெறுஞ் சாட்டன்று, மெய்யான வழுவே. இதனைத் தவிர்க்கவே, ஐக்கிய அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களிலே நோய் வருமுன்னரே தெளிப்போரைப் பதிந்து, ஆண்டுக்கணக்காக அவதானிக்கும் ஆய்வு 1993 இல் தொடங்கப்பட்டது. 2018 இல் வெளிவந்த அதன் கிளைபொசேற் அறிக்கை 54,251 பேரைப் பற்றியது. அவர்களுள் 44,932 பேர் அதனைப் பயன்படுத்தியோர். ஹொட்ச்கின் அல்லாத நிணநீர்ப் புற்றுநோய்க்கும் கிளைபொசேற்றுக்கும் தொடர்பு அதிலே காணப்படவில்லை. நிறுவனத்தின் சார்பிலுள்ள மிக வலிய சான்று இதுவே. இதனை மறைத்து எழுதும் எதிர்ப்பிரசுரங்கள், தாம் கண்டிக்கும் குற்றத்தையே தாமும் புரிகின்றன.

எனினும் ஞாபகம் பற்றிய இவ்விவாதத்தின் சமுதாய உள்ளடக்கம் கவனிக்கப்படாமற் போய்விட்டது. தொழிலாளியின் நினைவு ஐயத்துக்குரிய ஆவணம்; நிறுவனத்தின் கோப்பு ஐயத்துக்கு அப்பாற்பட்ட ஆவணம். எழுதப்பட்டது என்பதனாலேயே ஒன்று நம்பப்படுகிறது. சொல்லப்பட்டது என்பதனாலேயே மற்றையது தள்ளப்படுகிறது. கன்சாஸ் மாநிலத்திலே 1986 இல் வெளிவந்த ஆய்வு, ஆண்டுக்கு 20 நாட்களுக்கு மேற் களைநாசினிகளைக் கையாண்ட விவசாயிகளிடத்து இந்நோயின் அபாயம் ஆறுமடங்கு எனக் கண்டது. நினைவு வழு மட்டும் காரணமாயின் நாட்கள் கூடக்கூட அபாயமும் கூடுவதேன் என்ற கேள்வியை அது எழுப்பிற்று. நெப்ரஸ்காவிலே 1990 இல் வந்த ஆய்விலும் 2,4-டி ஐ ஆண்டுக்கு 21 நாட்களோ அதற்கு மேலோ கையாண்டோரிடத்து மும்மடங்கு தெரிந்தது. இவை தீர்ப்புக்கள் அல்ல. ஆனால் 'மறந்துவிட்டான், மிகைப்படுத்துகிறான்' என்ற ஒரு சொல்லாற் புறந்தள்ளத்தக்கவையும் அல்ல.

உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம், 2015 மார்ச்சிலே 11 நாடுகளைச் சேர்ந்த 17 நிபுணர்களைக் கூட்டி, கிளைபொசேற்றை 'மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் விளைக்கக்கூடியது' என வகைப்படுத்தியது. அப்பிரதியின் சொற்களை நிதானித்து வாசித்தோர் சிலரே. மனிதர் பற்றிய சான்று 'மட்டுப்பட்டது' எனவும், விலங்குகள் பற்றியது 'போதியது' எனவும் அது பிரித்துரைக்கிறது. 'மட்டுப்பட்டது' என்பது 'இல்லை' என்பதுமன்று, 'நிறுவப்பட்டது' என்பதுமன்று. தொடர்பு தெரிகிறது, ஆனால் தற்செயலையும் பிற வழுக்களையும் முற்றாக விலக்க முடியவில்லை என்பதே அதன் பொருள். பத்திரிகைகள் அதனை 'விஷம்' என மொழிபெயர்த்தன. நிறுவனமோ 'குப்பை விஞ்ஞானம்' என மொழிபெயர்த்தது. இரண்டும் பிழையான மொழிபெயர்ப்புக்களே. மேலும், ஒரு பொருளுக்குத் தீங்கு செய்யும் இயல்பு உண்டா என்பது ஒரு வினா. இன்ன அளவிலே இன்னாருக்கு எவ்வளவு தீங்கு நேரும் என்பது மற்றொன்று. முகவரகம் முன்னதற்கே விடைகூறியது.

அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை கிளைபொசேற் புற்றுநோய் விளைக்குமென்பது நம்பத்தக்கதன்று எனக் கூறியது. அதற்கு அடிப்படை ஜேர்மனியின் அபாய மதிப்பீட்டு நிறுவனம் தயாரித்த அறிக்கை. அவ்வறிக்கையில், வெளிவந்த ஆய்வுகளின் சுகாதார முடிவுகளை மதிப்பிடும் அத்தியாயங்களின் உள்ளடக்கத்தில் 50.1 வீதம், அனுமதி கோரிய நிறுவனங்களின் விண்ணப்பத்திலிருந்து பெயர்த்தெழுதப்பட்டது என, ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் சிலரின் வேண்டுகோளின் பேரில் 2019 இல் வெளிவந்த ஒப்பீடு காட்டிற்று. சரியெனக் கண்ட பகுதிகளை எடுத்தாள்வது வழமையே என்பது ஜேர்மனிய நிறுவனத்தின் மறுமொழி. வழமையாக இருக்கலாம். பல்கலைக்கழகத்திலே ஒரு மாணவன் தன் ஆய்வேட்டைப் பற்றி இவ்வாறு விடைபகர்ந்தால் அவனுக்கு நேர்வது யாவரும் அறிந்ததே.

ஒரே அளவுகோலை இருபுறமும் வைப்பதே விமர்சன நேர்மை. 2015 ஆம் ஆண்டுக் கூட்டத்துக்கு வாக்குரிமையற்ற அழைப்பாளராக வந்த கிறிஸ்தோபர் போட்டியர், அதன்பின் நோயாளர் சார்பிலான சட்டத்தரணிகளிடம் ஊதியம் பெறும் ஆலோசகரானார். கூட்டத்தின் தலைவர் ஆரன் பிளேயர், அயோவா ஆய்வின் அச்சேறாத தரவுகளை அப்பொழுதே அறிந்திருந்தார். அவை கருத்திற்கொள்ளப்பட்டிருந்தால் மதிப்பீட்டு எண் குறைந்திருக்கும் எனப் பின்னர் சத்தியஞ்செய்து கூறினார். அச்சேறியவற்றை மட்டுமே நோக்குவது என்ற முகவரகத்தின் விதி அவரைக் கட்டிற்று. அவ்விதி நல்லதே, பெட்டகத்துள் கிடக்கும் சுவடியை எவரும் சோதிக்க முடியாது என்பதனால் ஏற்பட்டது அது. இம்முறை அதன் நட்டம் நிறுவனத்தின் பக்கம் விழுந்தது.

2019 இல் வந்த இரு ஆய்வுகளோடு சான்றின் நிலையை நிறுத்தலாம். முந்திய ஆய்வுகளை ஒருங்கிணைத்த ஒன்று, மிகக் கூடுதலாகக் கையாண்டோரிடத்து அபாயம் 41 வீதம் மிகை எனக் கண்டது. பிரான்ஸ், நோர்வே, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளின் விவசாயிகளைத் திரட்டிய மற்றையது, நோய் முழுவதற்கும் தொடர்பு காணாது, அதன் ஒரு வகையிலே மட்டும் சிறு மிகையைக் கண்டது. தானியத்தில் எச்சமாய் வருவதை உண்போரைப் பற்றி இவை எதுவும் பேசவில்லை. பேசப்படுபவன் தெளிப்பவன்; கலவையைக் கலக்கும்போது கைநனைபவன். அக்கலவையிலே கிளைபொசேற் மட்டுமன்று, இலையில் ஒட்டிப் பரவச்செய்யும் துணைப்பொருள்களும் உண்டு. அவற்றுள் ஒருவகையை ஐரோப்பிய ஒன்றியம் 2016 இலே கிளைபொசேற் கலவைகளிலிருந்து விலக்கியது. நிறுவனங்களின் சோதனைகளிற் பெரும்பாலானவை கலவையை விட்டுத் தூய பொருளையே எலிக்கு ஊட்டின.

கலிபோர்ணியாவிலே பாடசாலை மைதானங்களைப் பராமரித்த தொழிலாளி ஒருவரின் வழக்கில், 2018 ஓகஸ்டிலே யூரிமார் 289 மில்லியன் டொலர் நட்டஈடு விதித்தனர். மேன்முறையீட்டில் அது 20.5 மில்லியனாகக் குறைக்கப்பட்டது. மொன்சான்டோவை வாங்கிய பேயர் நிறுவனம் 2020 இலே ஏனைய வழக்குகளைத் தீர்க்க 10 பில்லியன் டொலருக்கு மேல் ஒதுக்கியது. இவற்றை விஞ்ஞானச் சான்றாக எடுத்தாள்வோர் உளர். யூரிமாரின் தீர்ப்பு ஆய்வுகூடத்தின் முடிவன்று. பூட்டப்பட்ட கடிதங்களைத் திறந்ததே நீதிமன்றம் ஆற்றிய பணி.

இலங்கையிலே கிளைபொசேற் 2015 இல் தடைசெய்யப்பட்டு, 2018 இலே தேயிலை, இறப்பர்ச் செய்கைகளுக்கு மீள அனுமதிக்கப்பட்டது. தடைக்குக் கூறப்பட்ட காரணம் வடமத்திய மாகாண விவசாயிகளிடையே பரவிய சிறுநீரக நோய்; நிணநீர்ப் புற்றுநோய் அவ்விவாதத்தில் முதன்மை பெறவில்லை. அனுமதிக்குக் கூறப்பட்ட காரணம் தோட்டங்களிற் களை பெருகி விளைச்சல் குன்றியமை. இரு காரணங்களையும் எழுதியோர் அதிகாரிகளும், நிபுணர்களும், துரைமார் சங்கங்களும். முதுகிலே தெளிகருவியைச் சுமந்து மலைச்சரிவில் நடப்பவன் அதனை 'மருந்து' என்றே அழைக்கிறான். 'மருந்தடிக்கப் போனேன்' என்பதே அவன் பேச்சு. நிணநீர்ப் புற்றுநோய் பற்றி 2015 இல் முகவரகம் நிறுத்துப் பார்த்த மனித ஆய்வுகள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செய்யப்பட்டவை. கன்சாஸ் விவசாயியிடம் அவன் தெளித்த நாட்களின் தொகை கேட்கப்பட்டது. உமியோவின் மரந்தறிப்போனிடம் அவன் செய்த தொழில் கேட்கப்பட்டது. மலையகத் தொழிலாளியின் பெயர், நாட்கூலிப் பதிவுப் புத்தகத்திலே அன்றைய வேலைக்கு நேராக எழுதப்பட்டிருக்கும்.